அகலக் கால்

கடைசிப் பயணம் முடித்து பஸ்ஸைக் கராஜில் விட்டபோது
இரவு பதினொன்றரை.
ஒக்சானா என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள்.
சில்லுத் தேய்வு பார்க்கிற அதே ரோர்ச்சை
அடிப்பாகத்தில் பிடித்தாள்.
"குதியின் வெளியோரம் மட்டும் போயிருக்கு.
இது ஓடின சப்பாத்து இல்லை, பிரபாலினி,
பிறேக் பிடிச்ச சப்பாத்து."

பகல் முழுக்க என் வலக்காலுக்கு அதுதான் உத்தியோகம்.
சிவப்பு விளக்கு, பிறேக்.
பை திறந்திருக்கக் கைகாட்டி ஓடிவரும் மாணவன், பிறேக்.
வீதி நடுவே யோசித்து நிற்கும் ஒரு வாத்து, பிறேக்.
வேலை முடிந்து எட்மன்ரன் ஆற்றங்கரைக்கு ஓடப் போனால்
அங்கேயும்
உடம்புக்கு முன்னால் ஒரு முழம் எட்டிக்
குதியை ஊன்றி
என்னை நானே நிறுத்தி நிறுத்தி
நாலு வருடம் ஓடியிருக்கிறேன்.

மூன்றாம் வரிசை காலியாக இருந்தது. ஓடு என்றாள்.
தொலைபேசியில் மெதுவாக்கிப் போட்டுக் காட்டினாள்:
கடன் கேட்கும் கைபோல நீள்கிறது என் கால்,
பெருவிரல் கூரையைப் பார்க்கிறது,
குதி விழுகிறது,
அந்த அதிர்ச்சி முழங்காலைத் தாண்டி
கன்னத்துச் சதைவரை வந்து ஆடுகிறது.
இரண்டு பேரும் சிரித்தோம்.
மூன்றாந்தரம் பார்த்தபோது நான் சிரிக்கவில்லை.

அகலக் கால் வையாதே என்பது
காசுக் கணக்குக்குச் சொன்னது என்றுதான்
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.
(வீட்டுக் கடனில் வைத்தேன். அது வேறு கதை.)
குதி பிடரியில் அடிக்க ஓடினான் என்பார்கள்
பயந்தோடியவனை.
பாவம், அவன் சரியாகத்தான் ஓடியிருக்கிறான்.
அவன் குதி பின்னால் போயிருக்கிறது,
முன்னால் அல்ல.

எட்டைச் சுருக்கு. கால் இடுப்புக்குக் கீழே விழட்டும்.
நிமிடத்துக்கு நூற்றி அறுபது அடி வைத்தவள்
நூற்றி எழுபத்து நாலு வை.
முதலில் நாளுக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்
என்றாள்.
நான் ஐம்பது நிமிடம் ஓடினேன்.
அதுவும் அகலக் கால்தான்.
முழங்கால் நோ போனது,
போகவில்லை,
கெண்டைக்காலுக்கு வீடு மாறியது.
ஒரு வாரம் படிகளில் பின்பக்கமாக இறங்கினேன்.
பஸ்ஸின் பெடலை மிதிக்கும்போது
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு நவம்பர் வந்தது. பாதை கண்ணாடியானது.
எட்டி வைத்தால் விழுவாய்.
ஐஸுக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெரியாது.
ஒக்சானா சொல்லியும் மணிக்கூடு கத்தியும்
கேளாத கால்
தானாகச் சுருங்கியது.
பாதத்தின் நடு,
சுடுசட்டியைத் தொட்டு எடுப்பதுபோல்,
தொட்டு
எடுத்து
தொட்டு.

வேகம் கூடியது என்று சொன்னால் பொய்.
ஐந்து கிலோமீட்டருக்கு அதே முப்பத்திநாலு நிமிடம்.
ஆனால் பாலத்து ஏற்றத்தின் உச்சியில்
இப்போது கதைக்க மூச்சு மிஞ்சுகிறது,
கதைக்க ஆளில்லை.

நேற்று, மைனஸ் பதினெட்டு.
நாயோடு முன்னால் போன மனிதர்
நான் பக்கத்தில் வந்ததும் துள்ளி விலகினார்.
"மன்னிக்க வேணும், நீங்கள் வந்தது கேட்கவேயில்லை."
ஊர் வழக்கப்படி நானும் மன்னிப்புக் கேட்டேன்.
நாய்க்கு முன்பே தெரிந்திருந்தது,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேட்கவில்லையாம்.
நாலு வருடம் மரப்பாலத்தில்
பெட்டி இறக்குவதுபோல் ஓடியவளை.

வளைவு தாண்டி அவர் மறைந்த பிறகு
அந்தப் பெருமையில்
ஒரே ஒரு எட்டு அகலமாக வைத்தேன்.
சறுக்கியது.
வேலிக் கம்பியைப் பிடித்து நின்றேன்,
பிறேக்.